புறாக்கூண்டு தத்துவத்தை டேட்டா சஃபிஷியன்சி கணக்குல எங்க, எப்படி யூஸ் பண்றது?

தம்பி கேட்டது இதுதான், டேட்டா சஃபிஷியன்சி டைப், அதாவது குடுத்திருக்குற ஸ்டேட்மென்ட் விடைய உறுதியா சொல்ல போதுமா போதாதான்னு கேக்குற கணக்கு. "ஒரு ஆபீஸ்ல வேலை செய்றவங்கள்ல குறைஞ்சது ரெண்டு பேராவது ஒரே மாசத்துல பொறந்தவங்களா? ஸ்டேட்மென்ட் 1: ஆபீஸ்ல மொத்தம் 12 பேர். ஸ்டேட்மென்ட் 2: அதுல யாரும் பிப்ரவரில பொறக்கல. நான் ரெண்டும் சேர்ந்தாலும் போதாதுன்னு போட்டேன், ஆன்சர் கீல ரெண்டும் சேர்ந்தா போதும்னு இருக்கு. ஏன்ணா? இந்த புறாக்கூண்டு மேட்டரை டேட்டா சஃபிஷியன்சில எப்ப யூஸ் பண்ணணும்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

ஆன்சர் கீ சரிதான் தம்பி. நீங்க எங்க வழுக்கினீங்கன்னும் எனக்கு தெரியுது, ஏன்னா பழைய வண்ணாரப்பேட்டைல மாடி ரூம்ல சாயங்காலம் பேங்க் எக்ஸாம் பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறேன், பதினோரு வருஷமா பேட்ச்சுக்கு பாதி பேர் கரெக்டா இதே இடத்துலதான் வழுக்குறாங்க. "13 பேர் இருந்தா ஒரே மாசம் கன்ஃபார்ம், 12 பேர்னா கிடையாது"ன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. 13 அப்படிங்கற நம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டா கணக்கு கைவிட்டுடும், அந்த 13 எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் வேலைக்கு ஆகும்.

மொதல்ல நிஜ புறாக்கூண்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன், நம்ம ஏரியால அதுக்கு பஞ்சமில்லையே. வியாசர்பாடில எங்க சித்தப்பா வீட்டுக்கு பக்கத்து மாடில ஒரு அண்ணன் புறா வளர்க்குறார், பந்தயத்துக்கு விடுற ஹோமரும் இருக்கு, கர்ணம் அடிக்குற புறாவும் இருக்கு. பழைய பலகைய அடிச்சு, முன்னாடி கம்பி வலை போட்டு, வரிசைக்கு நாலா மூணு வரிசை, மொத்தம் 12 அறை. ஒரு நாள் பொழுது சாயுற நேரத்துல அவர் டப்பாவுல கம்பு தானியத்தை போட்டு குலுக்குறார், மேல சுத்திக்கிட்டு இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணா எறங்கி உள்ள போகுது, நான் நின்னு எண்ணினேன், 13 புறா. அப்ப ஏதோ ஒரு அறைல குறைஞ்சது ரெண்டு புறா இருந்தே ஆகணும் இல்லயா? இதுதான் புறாக்கூண்டு தத்துவம். போய் பாத்தா நடு வரிசைல ஒரு அறைல மூணு புறா நெருக்கி உக்காந்திருக்கு, கீழ் வரிசைல ஒரு அறை காலி, மிச்ச பத்துலயும் ஒண்ணொண்ணு.

இந்த காட்சிய நல்லா மனசுல வெச்சுக்கோங்க, தத்துவத்தோட பலமும் இதுல இருக்கு, எல்லையும் இதுல இருக்கு. ரெண்டு புறாவாவது இருக்கும்னு சொல்லுச்சு, மூணா இருந்துச்சு, தப்பில்ல, ஏன்னா அது சொன்னது "குறைஞ்சது". எந்த அறைன்னு சொல்லல. எல்லா அறையும் நிரம்பும்னும் சொல்லல. இந்த மூணையும் மறந்துட்டு போறவங்கதான் எக்ஸாம்ல மார்க்கை விடுறாங்க.

பொதுவா சொன்னா, 12 அறைல ஒவ்வொண்ணுலயும் அதிகபட்சம் ஒண்ணுன்னா மொத்தம் 12தான் அடங்கும், அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் எங்கயோ ரெண்டாகும். ஒவ்வொண்ணுலயும் அதிகபட்சம் நாலுன்னா 48 அடங்கும், 49வது வந்தா எங்கயோ அஞ்சாகும். அவ்வளவுதான், வேற ஃபார்முலா எதுவும் வேணாம்.

இப்ப டேட்டா சஃபிஷியன்சிக்கு வருவோம். இந்த டைப்ல நம்ம கிட்ட விடைய கேக்கல, "குடுத்திருக்குற தகவலை வெச்சு ஒரே ஒரு விடைய உறுதியா சொல்ல முடியுமா"ன்னுதான் கேக்குறான். ஆமா இல்லன்னு கேக்குற கேள்வில "கண்டிப்பா ஆமா"ன்னு வந்தாலும் போதும், "கண்டிப்பா இல்ல"ன்னு வந்தாலும் போதும், "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்"னு வந்தாதான் போதாது. இங்கதான் புறாக்கூண்டு அழகா வந்து பொருந்துது, ஏன்னா அதுவும் கண்டிப்பா இருக்குன்னு சொல்ற ஒரு விஷயம்தான், எது எங்கன்னு ஒண்ணுமே தெரியாம உறுதி மட்டும் குடுக்கும். டேட்டா சஃபிஷியன்சி கேக்குறதும் வெறும் உறுதியதான்.

ஆனா ஒண்ணு. அளவை தாண்டினா "கண்டிப்பா ஆமா". தாண்டலன்னா? நிறைய பேர் "அப்ப கண்டிப்பா இல்ல"ன்னு எடுத்துக்குறாங்க. அது தப்பு. தாண்டலன்னா தத்துவம் வாயே தொறக்காது, அவ்வளவுதான். அப்ப நாமதான் ரெண்டு உதாரணம் செஞ்சு பாக்கணும், ஒண்ணுல ஆமா வரணும், இன்னொண்ணுல இல்ல வரணும். ரெண்டும் செய்ய முடிஞ்சா போதாதுன்னு தைரியமா டிக் அடிக்கலாம்.

உங்க கணக்கையே எடுங்க. 12 பேர்தான் புறா, 12 மாசம்தான் கூண்டு. ஆளுக்கு ஒரு மாசம்னு பிரிச்சு வெச்சா இல்ல, ரெண்டு பேர் ஜூன்ல பொறந்தாங்கன்னு வெச்சா ஆமா, அதனால ஸ்டேட்மென்ட் 1 மட்டும் போதாது. ஸ்டேட்மென்ட் 2 மட்டும்னா எத்தனை பேருன்னே தெரியாது, மூணு பேராவும் இருக்கலாம் முன்னூறு பேராவும் இருக்கலாம், போதாது. ரெண்டையும் சேத்தா பிப்ரவரிங்கற கூண்டை கழட்டி வெளிய வெச்சாச்சு, மிச்சம் 11 கூண்டு, ஆள் 12. கண்டிப்பா எங்கயோ ரெண்டு பேர். அதான் சேர்ந்தா போதும். நீங்க ரெண்டாவது ஸ்டேட்மென்ட்டை "இது என்னமோ சம்பந்தமில்லாத தகவல்"னு தள்ளிட்டீங்க, புறா எண்ணிக்கைய மட்டுமே பாத்தீங்க. கூண்டையும் கொறைக்கலாம் தம்பி! கேள்வி எழுதுறவன் நேரா 13 பேருன்னு குடுக்க மாட்டான், ஒரு ஸ்டேட்மென்ட்ல புறாவை குடுத்துட்டு இன்னொண்ணுல கூண்டை ஒளிச்சு வெப்பான்.

இதே வேலை கேரம் போர்டுல இன்னும் தெளிவா தெரியும். நம்ம தெருவுல கேரம் தெரியாதவங்க யாரு, 2024ல அமெரிக்கா போய் உலகக் கோப்பைல தங்கம் வாங்கிட்டு வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை பொண்ணு, கிளாஸ்ல அந்த பேரை சொன்னாலே பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, மொத்தம் 19 காய். பைல கைய விட்டு பாக்காம கொஞ்சம் காய் எடுக்குறீங்க. கேள்வி: எடுத்ததுல ஒரே கலர்ல அஞ்சு காயாவது இருக்கா? ஸ்டேட்மென்ட் 1: எடுத்தது 10 காய். ஸ்டேட்மென்ட் 2: சிவப்பு கைல வரல.

ஃபார்முலா பைத்தியம் என்ன பண்ணும்னா, மூணு கலர், மூணு கூண்டு, கலருக்கு நாலுன்னா 12, அப்ப 13 எடுத்தாதான் உறுதி, 10 போதாதுன்னு போட்டுடும். ஆனா சிவப்பு இருக்குறதே ஒண்ணுதானே, அந்த கூண்டுல நாலு எப்படி அடங்கும்? அஞ்சு வராம எவ்வளவு தூரம் இழுக்க முடியும்னு பாருங்க: கறுப்பு நாலு, வெள்ளை நாலு, சிவப்பு ஒண்ணு, ஒன்பது. பத்தாவது காய் கறுப்போ வெள்ளையோதான், அஞ்சாயிடும். அதனால முதல் ஸ்டேட்மென்ட் மட்டுமே போதும். ரெண்டாவது மட்டும்னா எத்தனை எடுத்தோம்னே தெரியாது. இப்ப அந்த 10ஐ 9ஆ மாத்தி பாருங்க. 9 மட்டும் போதாது, நாலு நாலு ஒண்ணுன்னு வந்துடலாம். ஆனா சிவப்பு வரலன்னும் சேர்ந்தா ரெண்டே கூண்டு, ஒன்பது காய், அஞ்சு உறுதி. ஒரே ஒரு நம்பர் மாறினதுல விடை "1 மட்டும் போதும்"ல இருந்து "ரெண்டும் சேர்ந்தா போதும்"னு மாறிடுச்சு. கூண்டு எத்தனைன்னு எண்ணினா மட்டும் பத்தாது, ஒவ்வொரு கூண்டோட கொள்ளளவையும் பாக்கணும்னு நான் தொண்டை வத்த சொல்றது இதுக்குதான்.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்ச டைப், எல்லைல நிக்குற கணக்கு. காசிமேட்டுல விடியக்காலைல ஏலம் முடிஞ்சு மீன் பெட்டிங்களை 7 மீன்பாடி வண்டில ஏத்துறாங்கன்னு வெச்சுக்கோங்க. கேள்வி: ஏதாவது ஒரு வண்டில 5 பெட்டிக்கு கொறையாம இருக்கா? ஸ்டேட்மென்ட் 1: மொத்தம் 28 பெட்டி. ஸ்டேட்மென்ட் 2: எல்லா வண்டிலயும் ஒரே எண்ணிக்கைல பெட்டி ஏத்தல.

29ஆ இருந்திருந்தா பேச்சே இல்ல, வண்டிக்கு நாலுன்னா 28, மிச்சம் ஒண்ணு எங்கயாவது அஞ்சாவதா ஏறித்தான் ஆகணும். ஆனா குடுத்தது 28, வண்டிக்கு நாலு நாலுன்னு கச்சிதமா உக்காந்துடும், அப்ப இல்ல. ஒரு வண்டில அஞ்சு இன்னொண்ணுல மூணுன்னா ஆமா. போதாது. ரெண்டாவது மட்டும்னா ஒரு வண்டில ஒண்ணு இன்னொண்ணுல ரெண்டுன்னு கூட இருக்கலாம், இல்ல பத்தும் இருபதுமா இருக்கலாம், போதாது. சேத்து பாருங்க. 28 பெட்டி 7 வண்டி, யாரும் நாலை தாண்டக் கூடாதுன்னா எல்லா வண்டிலயும் சரியா நாலு இருந்தாதான் 28 வரும், வேற வழியே இல்ல. ஒரு வண்டி மூணோட நின்னா மிச்ச ஆறுல 25 அடங்கணும், ஆறு நாலு இருபத்தி நாலுதான், ஒண்ணு தாண்டிடும். ஸ்டேட்மென்ட் 2 அந்த ஒரே வழிய அடைச்சுடுது. அதனால சேர்ந்தா போதும். எண்ணிக்கை சரியா எல்லைக்கோட்டுல வந்து நின்னுச்சுன்னா இன்னொரு ஸ்டேட்மென்ட்ல சமமா இல்லங்கற தகவல் எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு தேடுங்க, "சராசரிக்கு மேல ஒருத்தராவது இருக்காங்க"ன்னு வேற வேஷத்துல வரும், "எல்லாருக்கும் ஒரே மார்க் இல்ல"ன்னு வரும், எல்லாம் ஒண்ணுதான்.

மார்க்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. அஞ்சு பேர் மொத்தம் 361 மார்க், யாராவது 73க்கு கொறையாம எடுத்திருக்காங்களான்னு கேட்டா, மார்க் முழு எண்ணா இருந்தா மட்டும்தான் ஆமா, ஏன்னா ஆளுக்கு 72ன்னா 360. அரை மார்க் கால் மார்க்லாம் உண்டுன்னா அஞ்சு பேரும் 72.2 எடுத்துட்டு போகலாம். முழு எண்ணுன்னு கேள்வில சொல்லியிருக்கானான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

எண்ணிக்கை எத்தனைன்னு கேக்குற கேள்வில வேற கதை. அதே 7 வண்டி, "அதிகமா ஏத்தின வண்டில எத்தனை பெட்டி"ன்னு கேட்டு, 29 பெட்டின்னு மட்டும் குடுத்தா போதாது, தத்துவம் குறைஞ்சது அஞ்சுன்னு சொல்லும், ஆறா ஏழான்னு சொல்லாது. ஆனா எந்த வண்டியும் அஞ்சுக்கு மேல தாங்காதுன்னு இன்னொரு ஸ்டேட்மென்ட் இருந்தா கீழ இருந்து அஞ்சு, மேல இருந்தும் அஞ்சு, நடுவுல மாட்டிக்கிட்டு சரியா 5ன்னு வந்துடும்.

இப்ப நம்பர் கணக்குக்கு வரேன், எம்பிஏ சேர எழுதுற ஜிமேட் (GMAT) மாதிரி எக்ஸாம்க்கு படிக்குறவங்களுக்கு இதுதான் அதிகம் உதவும். ஜெர்மன் கணித அறிஞர் டிரிஷ்லே பேரோட சேத்து சொல்ற இந்த தத்துவத்துக்கு ஜெர்மன்ல புறா பேர் கிடையாது, டிராயர்னுதான் பேரு. எனக்கு நம்பர் கணக்குல அந்த டிராயர்தான் வசதியா இருக்கு, ஏன்னா டிராயர் மேல லேபிள் ஒட்டலாம். லேபிள் என்னன்னு கண்டுபிடிக்குறதுலதான் மொத்த வேலையும் இருக்கு.

கேள்வி: ஒரு தொகுப்புல வேற வேற முழு எண்கள் இருக்கு, அதுல எதாவது ரெண்டோட வித்தியாசம் 6ஆல வகுபடுமா? ஸ்டேட்மென்ட் 1: தொகுப்புல குறைஞ்சது 7 எண் இருக்கு. ஸ்டேட்மென்ட் 2: எல்லாமே 3ஐ விட பெரிய பகா எண், எண்ணிக்கைல குறைஞ்சது மூணு இருக்கு.

வித்தியாசம் 6ஆல வகுபடணும்னா ரெண்டு எண்ணும் 6ஆல வகுத்தா ஒரே மீதி தரணும். அப்ப லேபிள் மீதி: 0, 1, 2, 3, 4, 5, ஆறு டிராயர். ஏழு எண் இருந்தா முடிஞ்சுது, முதல் ஸ்டேட்மென்ட் போதும். ரெண்டாவதுல மூணு எண்தான் உறுதி, அதை பாத்ததும் "ஆறு டிராயர், மூணு எண், போதாது"ன்னு கை தானா போகும், நிறுத்துங்க. 3ஐ விட பெரிய பகா எண்ணை 6ஆல வகுத்தா மீதி 0, 2, 4 வராது, வந்தா இரட்டை எண். 3 வராது, வந்தா 3ஆல வகுபடும். மிச்சம் 1ம் 5ம்தான். நாலு டிராயர் பூட்டியாச்சு, ரெண்டே ரெண்டு தொறந்திருக்கு, மூணு எண் வந்தா ரெண்டு ஒரே டிராயர். வேணும்னா 5, 7, 11 போட்டு பாருங்க, 11ல 5 போனா 6. அதனால தனித்தனியாவே ரெண்டும் போதும்.

மொத தடவை இந்த கணக்கை போர்டுல எழுதறப்ப ஸ்டேட்மென்ட் 1ல "சரியா 7 எண்", 2ல "சரியா 3 எண்"ன்னு எழுதிட்டேன். கடைசி பெஞ்ச்ல தண்டையார்பேட்டைல இருந்து வர்ற ஒரு பொண்ணு, வாயத் தொறந்து பேசவே மாட்டா, அன்னிக்கு கைய தூக்கி "சார், ஒரே தொகுப்புல ஏழும் மூணும் எப்படி சார் இருக்கும்"ன்னா. நூத்துக்கு நூறு சரி. ஒழுங்கா எழுதின கேள்வில ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்படாது. உங்களுக்கு ஒண்ணுல கண்டிப்பா ஆமான்னும் இன்னொண்ணுல கண்டிப்பா இல்லன்னும் வந்தா எங்கயோ தப்பா எண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம், திரும்பி போய் பாருங்க.

"கண்டிப்பா இல்ல"ன்னு வர்றதையும் ஒண்ணு காட்டிடுறேன், இதை யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. 1ல இருந்து 10 வரைக்கும் உள்ள எண்கள்ல சிலதை எடுத்தாச்சு, எடுத்ததுல ரெண்டு வேற வேற எண் சேர்ந்து 11 வருமா? ஸ்டேட்மென்ட் 1: எடுத்தது 5 எண். ஸ்டேட்மென்ட் 2: எடுத்தது எல்லாமே இரட்டை எண். இங்க டிராயர் ஜோடி ஜோடியா இருக்கு, 1-10, 2-9, 3-8, 4-7, 5-6, அஞ்சு. ஆறு எண் எடுத்தா உறுதி. அஞ்சுன்னா 1, 2, 3, 4, 5 எடுத்தா வராது, 1, 10ன்னு ஆரம்பிச்சா வரும், போதாது. உடனே ரெண்டாவது ஸ்டேட்மென்ட்டை டிராயரோட சேத்து சேத்து பாத்து டயத்தை விடாதீங்க. இரட்டையும் இரட்டையும் கூட்டினா இரட்டை, 11 ஒற்றை, வரவே வராது. கண்டிப்பா இல்ல. ரெண்டாவது மட்டுமே போதும். புறாக்கூண்டு தெரிஞ்சவன்தான் இதுல அதிகம் மாட்டுவான், தெரிஞ்ச ஆயுதத்தை எல்லாத்துக்கும் வீசுறதால.

ஆப்ஷன் பத்தி ஒரே வார்த்தை: ஜிமேட்ல அஞ்சு ஆப்ஷனும் எப்பவும் ஒரே வரிசைதான், மனப்பாடம் பண்ணிடலாம். பேங்க் எக்ஸாம்ல வரிசை மாறும், ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டு டிக் பண்ணுங்க.

கடைசியா நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் குடுக்குற கணக்கு. ராயபுரத்துல ஒரு மண்டபம், நிச்சயதார்த்தம், வந்தவங்கள்ல சிலர் சிலருக்கு கை குடுத்துக்குறாங்க, ஒரே ஆளுக்கு ரெண்டாவது தடவை குடுத்தா எண்ணக் கூடாது. குறைஞ்சது ரெண்டு பேராவது வந்திருக்காங்க. கேள்வி: ஒரே எண்ணிக்கைல கை குடுத்த ரெண்டு பேர் இருக்காங்களா? ஸ்டேட்மென்ட் 1: வந்தவங்க 10 பேர். ஸ்டேட்மென்ட் 2: யாருக்குமே கை குடுக்காம போனவங்க ஒருத்தரும் இல்ல.

10 பேர், ஒருத்தர் 0ல இருந்து 9 வரைக்கும் எத்தனை பேருக்கு வேணா கை குடுத்திருக்கலாம், அப்ப கூண்டும் 10, புறாவும் 10, போதாதுன்னு தோணும். கொஞ்சம் உத்து பாருங்க. ஒருத்தர் 9 பேருக்கு குடுத்தார்னா மண்டபத்துல இருக்குற எல்லாருக்கும் குடுத்துட்டார், அப்ப 0ன்னு ஒருத்தர் இருக்கவே முடியாது. 0ன்னு ஒரு ஓரமா ஒருத்தர் உக்காந்திருந்தா 9ன்னு யாரும் இருக்க முடியாது. 0 கூண்டும் 9 கூண்டும் ஒரே நேரத்துல தொறக்காது. எப்படி பாத்தாலும் 9 கூண்டுதான், ஆள் 10. முதல் ஸ்டேட்மென்ட் போதும். ரெண்டாவதுல எத்தனை பேருன்னு சொல்லல, ஆனா 0 கூண்டை அவனே மூடிட்டான், எத்தனை பேர் வந்தாங்களோ அதுல ஒண்ணு கம்மியாதான் கூண்டு. அதுவும் தனியா போதும்.

இதை வீட்டுல பாட்டி கிட்ட சொல்லி புரிய வெக்க முடிஞ்சா உங்களுக்கு விஷயம் வந்துடுச்சு. அடுத்து நீங்களே கேரம் கணக்குல அஞ்சுக்கு பதிலா ஆறு காய்னு மாத்தி, ஸ்டேட்மென்ட் 1ல எந்த நம்பர் போட்டா தனியா போதும், எந்த நம்பர் போட்டா சிவப்பு வரலங்கற தகவலோட சேர்ந்தாதான் போதும்னு கண்டுபிடிங்க. எனக்கு 12, 11ன்னு வருது, உங்களுக்கு என்ன வருதுன்னு சொல்லுங்க தம்பி.